கிச்சன்ல கேக்க 80 வாட்ஸ் ட்ராலி ஸ்பீக்கர் எதுக்கு?

திண்டுக்கல்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "அண்ணா, எனக்கு காலைல அஞ்சரைக்கு கிச்சன்ல பக்திப் பாட்டுல ஆரம்பிச்சு ஒன்பது மணி வரைக்கும் ஏதாவது ஓடிட்டே இருக்கணும். பாதி நேரம் கதை, பாட்காஸ்ட், மீதி எண்பதுகள் பாட்டு. மாமனார் ரேடியோவும் கச்சேரியும் கேப்பாரு. வீட்டுக்காரருக்கு டிவில கிரிக்கெட் பாக்குறப்ப சத்தம் நல்லா வேணுமாம். மாசத்துக்கு ஒருதடவை மொட்டமாடில சொந்தக்காரங்க கூடுவோம். பட்ஜெட் 8,000. கடையில 80 வாட்ஸ் ட்ராலி ஸ்பீக்கர், லைட்லாம் எரியுது, மைக் ஃப்ரீ, இதையே எடுங்கன்றாங்க. பரண்ல பழைய ஹோம் தியேட்டர் ஒண்ணு தூசி புடிச்சு கிடக்கு, அதை எடைக்குப் போட்டுட்டு இதை வாங்கிடலாமா?"

வேணாம்மா. ரெண்டுமே வேணாம், ட்ராலியும் வாங்காதீங்க, பரண்ல இருக்கறதையும் எடைக்குப் போடாதீங்க.

நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. காலைல மூணரை மணி நேரம் கிச்சன்ல கேக்குறீங்க, மாசத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல வருது. மொட்டமாடி மாசத்துக்கு ஒரு நாள், நாலு மணி நேரம்னு வச்சுக்கலாம். 100 மணி நேரத்த விட்டுட்டு அந்த நாலு மணி நேரத்துக்காக கிச்சன்ல பாதி இடத்த அடைக்கிற ஒரு பொட்டிய வாங்கி, தெனமும் அதுல இடிச்சுக்கிட்டு நிக்கணுமா? கடைக்காரர் மேல கோவமெல்லாம் இல்ல, அவருக்கு லைட் எரியுற ஐட்டம்தான் சீக்கிரம் நகரும்.

இந்த வாட்ஸ் விஷயத்த கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா இதுல ஏமாறாத ஆளே இல்ல. வாட்ஸ் டபுள் ஆனா சத்தமும் டபுள் ஆகும்னு நெனைக்கிறோம், அப்படி கிடையாது. வாட்ஸ டபுள் பண்ணா 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு "லேசா கூடியிருக்கு"ன்னு தோணும் அவ்ளோதான். ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா 10 டெசிபல் ஏறணும், அதுக்கு பத்து மடங்கு வாட்ஸ் வேணும். ஸ்பீக்கர் ஒரே தரம்னா 8 வாட்ஸுக்கும் 80 வாட்ஸுக்கும் நடுவுல வித்தியாசம் ரெண்டு மடங்கு சத்தம் மட்டும்தான், அதுவும் அந்த 80 நெஜமான 80ஆ இருந்தா. அட்டையில ஆர்எம்எஸ்னு (தொடர்ந்து தர்ற நெஜமான பவர்) போட்டிருந்தா மட்டும் பாருங்க, பிஎம்பிஓன்னு (ஒரு கணத்துக்குன்னு ஊதிப் பெருக்கின கணக்கு) போட்டிருந்தா அந்த நம்பர அப்படியே மறந்துடுங்க.

கிச்சனுக்கு வேண்டியது வேற. அங்க மிக்ஸி ஓடும், குக்கர் விசில், எக்ஸாஸ்ட் ஃபேன் ஒருபக்கம் இரையும், இதுக்கு நடுவுல கதை சொல்றவர் குரல் புரியணும். பேச்சு புரியறது பெரும்பாலும் 1,000ல இருந்து 4,000 ஹெர்ட்ஸ் (நம்பர் எறங்க எறங்க சத்தம் அடியா, கனமா இருக்கும்) வரைக்கும் உள்ள சத்தத்துலதான், க, ச, ட, ப எல்லாம் பிரிஞ்சு கேக்குறது அங்கதான். பார்ட்டி ஸ்பீக்கர்ல பேஸை, அதாவது அந்த அடி சத்தத்த, ஏத்தி வச்சிருப்பாங்க, அதுல ஒரு ஆம்பள குரல்ல கதை ஓட்டிப் பாருங்க, பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி "பொம்பொம்"னு வரும், புரியலன்னு நீங்க சத்தத்த ஏத்துவீங்க, அது இன்னும் பொம்பொம்னு ஆகும். அதனால ஆப்ல ஈக்வலைசர் (பேஸை தனியா ஏத்தி எறக்குற வசதி) இருக்கற ஸ்பீக்கரா பாருங்க. கதை கேக்குறப்ப பேஸை ரெண்டு புள்ளி எறக்கிட்டா போதும், சத்தம் ஏத்தாமலே புரியும். மிக்ஸியோட மட்டும் போட்டி போடாதீங்க, கதைய நிறுத்தி வச்சுட்டு அரைச்சு முடிங்க.

சைஸு? உள்ளங்கை சைஸ் வேணாம், தண்ணி பாட்டில் சைஸ் எடுங்க. காரணம் சொல்றேன். ஜேபிஎல்ல உள்ளங்கை சைஸ் கோ 3க்கு கம்பெனியே போட்டிருக்கற கீழ் எல்லை 110 ஹெர்ட்ஸ், பாட்டில் சைஸ் ஃபிளிப் 6க்கு 63. பேஸ் கிடார்ல அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். கணக்குப்படி பாத்தா ரெண்டுலயுமே அந்த சத்தம் வரக்கூடாது, ஆனா நமக்கு கேக்கும், ஏன்னா மேல இருக்கற துணை ஸ்வரங்கள வச்சு மூளையே அடி ஸ்வரத்த நிரப்பிக்கும். பாட்டில் சைஸ்ல இந்த ஏமாத்து நல்லா நடக்கும், உள்ளங்கை சைஸ்ல தகர டப்பா எட்டிப் பாக்கும். எண்பதுகள் ராஜா பாட்டுல பேஸ் கிடார் தனியா ஒரு பாட்டு பாடிட்டே போகும்ல, அது காணாமப் போச்சுன்னா அப்புறம் என்ன கேட்டு என்ன. (இந்த ரெண்டு மாடலையும் நம்பர் ஞாபகம் இருக்கறதால சொன்னேன், இதைத்தான் வாங்கணும்னு இல்ல. இதே சைஸ்ல வேற கம்பெனிலயும் நல்லது இருக்கு.)

தண்ணி தூசிக்கு ஐபி67 பாருங்க. இதுல நான் ஒருதடவை பட்டிருக்கேன். ஐபிஎக்ஸ்7னு போட்ட ஒண்ண மகாபலிபுரம் பீச்சுக்கு எடுத்துட்டுப் போனேன், தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு பசங்ககிட்ட பெருமை வேற. தண்ணில ஒண்ணும் ஆகல, மணல்தான் சார்ஜிங் ஓட்டைக்குள்ள போய் உக்காந்துகிச்சு, உப்பும் சேந்து ஒரே மாசத்துல பின் பச்சை பூத்துப் போச்சு. கடைசி 7 தண்ணிக்கு, 1 மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும், அதுவும் நல்ல தண்ணில. முன்னாடி இருக்கற நம்பர் தூசிக்கு, அங்க எக்ஸ்னு இருந்தா தூசிக்கு டெஸ்ட் பண்ணலன்னு அர்த்தம். எனக்கு அன்னிக்கு இது தெரியல. உங்க கிச்சன்ல மணல் இல்ல, கோதுமை மாவு இருக்கு, அது போதும்.

கடைக்குப் போறப்ப உங்க பாட்ட போன்ல டவுன்லோட் பண்ணி எடுத்துட்டுப் போங்க, அவங்க போடுற "டும் டும்" பாட்டுல எல்லா ஸ்பீக்கரும் நல்லாதான் கேக்கும். முதல்ல கதைய சத்தம் கால்வாசி வச்சுப் போடுங்க, நாலடி தள்ளி திரும்பி நின்னு கேளுங்க, ஒவ்வொரு வார்த்தையும் புரியுதா? அப்புறம் மாமனாருக்காக ஒரு கச்சேரி, மிருதங்கம் தனி ஆவர்த்தனம் வர்ற இடம். வலந்தலை (வலது பக்கம்) சத்தம் எதுல வேணா வந்துடும், தொப்பில (இடது பக்கம்) கைய அழுத்தி "ங்கும்"னு ஒரு கும்கி வரும் பாருங்க, அது உருண்டு வருதா இல்ல "தட்"னு அட்டைப்பெட்டிய தட்டின மாதிரி வருதான்னு கேளுங்க. கடைசியா ஃபுல் சத்தம். சத்தம் ஏற ஏற ஸ்பீக்கர் தன்னைக் காப்பாத்திக்க தானாவே பேஸை கொறைக்கும், நெறைய ஸ்பீக்கர் அப்படித்தான், அதுல தப்பில்ல. குரல் கரகரன்னா மட்டும் வச்சுட்டு வந்துடுங்க.

வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல வைக்காதீங்க, தகடு சேந்து ஆடும். எவர்சில்வர் பாத்திர அலமாரியும் வேணாம், சில பாட்டுக்கு டம்ளர் தாளம் போடும். கல் மேடையில சுவத்த ஒட்டி வச்சா பேஸ் கொஞ்சம் கூடும், மூலையில வச்சா இன்னும் கூடும், காசில்லாம கெடைக்கிற பேஸ். ஆனா அடுப்புகிட்ட இருந்து நாலடியாவது தள்ளி. சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகவே ஆகாது. அட்டையில 12 மணி நேரம்னு இருந்தா அது நடுத்தர சத்தத்துல எடுத்த கணக்கு, ஃபுல்லா வச்சா அதுல பாதிகூட வராது. சார்ஜ் சுத்தமா தீத்து மாசக்கணக்குல உள்ள வச்சுடாதீங்க, சிலது அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது. இன்னொண்ணு, விலை கம்மியான சிலதுல டைப்-சி ஓட்டை இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கற புது சார்ஜர் கேபிள்ல ஏறாது. உள்ள ரெண்டு ரெசிஸ்டர் வைக்காம மிச்சம் புடிச்சிருப்பாங்க. உங்க சார்ஜரை எடுத்துட்டுப் போய் கடையிலயே சொருகிப் பாத்துடுங்க.

வைஃபை ஸ்பீக்கர் பத்தி கேக்கல, இருந்தாலும் ஒரு வார்த்தை. அதுல பாட்ட ஸ்பீக்கரே நெட்டுல இருந்து எடுத்துக்கும், நடுவுல போன் வந்தாலும் பாட்டு நிக்காது. ஆனா கரண்ட் போனா ரவுட்டரும் போகும், காலைல பவர் கட் ஆகுற ஊர்ல ப்ளூடூத்தே நிம்மதி. கோடெக் (ப்ளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்புற முறை) சண்டைக்கெல்லாம் போகாதீங்க, குக்கர் விசிலுக்கு நடுவுல எந்த கோடெக்கும் ஒண்ணுதான்.

மாமனாருக்கு ப்ளூடூத் வாங்கிக் கொடுத்துட்டு தெனமும் "இது கனெக்ட் ஆகமாட்டேங்குது"ன்னு கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. அவருக்குத் தேவை திருகினா பாடுற ஒண்ணு. உங்க ஊர்ல ஆகாசவாணி நல்லா எடுக்குற ஒரு எஃப்எம் ரேடியோ, பென்டிரைவ் சொருகுற வசதியோட. பேரப்பசங்கள விட்டு அவருக்குப் புடிச்ச கச்சேரிகள அதுல ஏத்திக் கொடுங்க. பாட்டு ஏத்தியே வர்ற கார்வான் மாதிரி செட்டும் இருக்கு, ஆனா உங்க பட்ஜெட்ல அதையும் சேத்தா இடிக்கும். 8,000ல முக்கால்வாசி உங்க ஸ்பீக்கருக்கு, மீதி அவர் ரேடியோவுக்கு, இப்படிப் பிரிச்சுக்கோங்க.

இப்ப கிரிக்கெட். இங்கதான் ப்ளூடூத் கால வாரும். சாதாரண ப்ளூடூத்ல சத்தம் 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு, வரைக்கும் லேட்டா வரும். ஆத்துக்கு அந்தக் கரையில துணி தொவைக்கிறத பாத்திருக்கீங்களா, துணி கல்லுல விழுந்து கை மறுபடி மேல போகும்போதுதான் "தப்"னு சத்தம் வரும்ல? அதேதான், சத்தம் 200 மில்லிசெகண்ட்ல போற தூரம் கிட்டத்தட்ட 68 மீட்டர். யூடியூப் மாதிரி ஆப்கள் போன்ல படத்த கொஞ்சம் தாமதிச்சு சரிகட்டிடும், டிவில செட்டாப் பாக்ஸ்ல மேட்ச் பாக்குறப்ப நிறைய டிவி சரிகட்டாது. பந்து பேட்ல பட்டுப் பறந்தப்புறம் "டொக்"குனு கேட்டா வீட்டுக்காரர் உங்களத்தான் திட்டுவாரு. டிவிக்கு ஒயர்தான்.

அதுக்குத்தான் அந்தப் பரண் செட்ட எடைக்குப் போடாதீங்கன்னேன். எறக்கி தொடச்சுட்டு சப்ஊஃபர் கோனைச் சுத்தி இருக்கற ஃபோம் வளையத்த விரலால லேசா தொட்டுப் பாருங்க, பொடிப்பொடியா கொட்டினா அதை மட்டும் மாத்திக்கலாம், ஊர்ல பழைய செட் ரிப்பேர் பாக்குறவர்கிட்ட கெடைக்கும். ஆன் பண்ணதும் "ம்ம்ம்"னு இரைஞ்சா பெரும்பாலும் உள்ள கெப்பாசிட்டர் காஞ்சிருக்கும், அதுவும் சின்ன வேலைதான். பின்னாடி சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டை இருக்கா பாருங்க. டிவில ஆப்டிகல் அவுட் (வெளிச்சத்துல சத்தத்த அனுப்புற ஓட்டை) மட்டும்தான் இருக்குன்னா ஆப்டிகல்ல இருந்து ஆர்சிஏக்கு மாத்துற சின்ன கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, டிவி செட்டிங்ல ஆடியோ அவுட்புட்ட பிசிஎம்னு (அந்த கன்வெர்ட்டருக்குப் புரியற சாதா ஸ்டீரியோ முறை) வைங்க, இதை மறந்தீங்கன்னா சத்தமே வராது, செட்டு போச்சுன்னு நெனைச்சுடாதீங்க. மொட்டமாடி நாள் அன்னிக்கு அதே செட்டையும் ஊஃபரையும் மேல தூக்கிட்டுப் போய் ஒரு ப்ளூடூத் ரிசீவர சொருகிட்டா ட்ராலி வேலையும் முடிஞ்சுது. மைக் வேணும்னா மட்டும் தெருமுனை மைக்செட்காரர கூப்பிடுங்க, ஒரு ராத்திரி வாடகைக்கு அவர் கொண்டாற பொட்டி முன்னாடி அந்த 80 வாட்ஸ் வாயத் தொறக்காது.