திட்டமிடல் குழுவின் முன் அயலவருக்கு இடம் உண்டா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்துபோனால் மூன்று நிமிடம் எடுக்கும் தூரத்தில், அம்மாவின் சீதனமாக எனக்கு வந்த 18 பேர்ச் காணியில் வசிக்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பக்கத்துக் காணியில் மூன்று மாடி விருந்தினர் விடுதி ஒன்று எழும்புகிறது. பன்னிரண்டு அறை என்று வேலையாட்கள் சொல்கிறார்கள். எங்கள் வேலியோரமாக மலக்குழி வெட்டியிருக்கிறார்கள். நாடா பிடித்து நானே அளந்தேன். என் கிணற்றுக் கட்டிலிருந்து 22 அடிதான். பிரதேச சபைக்கு எழுதினேன். இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரே வரியில் பதில் வந்தது: "நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், திட்டமிடல் குழுவின் சிபாரிசுக்கு அமைய அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டுள்ளது." என்னை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வட்டார உறுப்பினர், அடுத்த சபைக் கூட்டத்தில் இதைக் கதைப்பதாகச் சொல்கிறார். இந்தக் குழுவில் இருப்பவர்கள் யார் ஐயா? என்னைக் கேட்காமல் அவர்கள் அனுமதிக்கலாமா? வேலையை நிறுத்த வழி உண்டா?

பதில்: அம்மா, உங்களுக்கு வந்த அந்த ஒரு வரிப் பதிலை வீசிவிடாதீர்கள். எந்தச் சட்டத்தின் கீழ் முடிவெடுக்கப்பட்டது என்பதைச் சபையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல்தான் பலர் தவறான கதவைத் தட்டி மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள்.

நகர அபிவிருத்தி அதிகாரசபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக்கூடாது என்று, 1982ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 8ஜே பிரிவு கூறுகிறது. அந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் மூலத்தில் உங்கள் சபைக்குரியதன்று, அதிகாரசபைக்குரியது. 23ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவின்படி, உள்ளூராட்சி மன்றத்துடன் கலந்தாலோசித்து, அம்மன்றத்தின் அலுவலர் ஒருவருக்குத் தனது திட்டமிடல் அதிகாரங்களை அதிகாரசபை கையளிக்கலாம். அந்த அலுவலர் அதிகாரசபையின் பணிப்புக்கும் மேற்பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமையவே அவற்றைப் பிரயோகிக்க வேண்டும். ஆகவே உங்கள் அயலவருக்கு அனுமதி வழங்கியது சபையின் பொதுக் கூட்டம் அன்று. அங்கே உறுப்பினர்கள் கை உயர்த்தி நிறைவேற்றும் எந்தத் தீர்மானத்தாலும் அந்த அனுமதிப்பத்திரம் செல்லுபடியற்றதாகாது. உங்கள் வட்டார உறுப்பினர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். கதைக்கட்டும், அதனால் கெடுதி இல்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு மயக்கமும் இங்கே உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைக்கு நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல் ஆகிய விடயங்களுக்கான குழுக்கள் இருக்கின்றன. அவை சபைக்கு ஆலோசனை கூறும் குழுக்கள். உங்கள் கடிதத்தில் வரும் திட்டமிடல் குழு வேறு. கையளிக்கப்பட்ட அதிகாரத்தோடு ஒட்டி இயங்கும் இக்குழுவில் வழமையாகத் தவிசாளர் அல்லது செயலாளர், நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பிரதிநிதி, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோர் இருப்பார்கள்; வீதி அபிவிருத்தி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் விண்ணப்பத்தின் தன்மைக்கேற்ப அழைக்கப்படும். குழு சிபாரிசு செய்யும். கையொப்பமிடுபவர் அதிகாரம் கையளிக்கப்பட்ட அலுவலர். பின்னர் நீதிமன்றத்தில் நாம் கேள்விக்குட்படுத்துவதும் அந்தக் கையொப்பத்தைத்தான்.

ஒரு விண்ணப்பம் அந்த மேசைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. விண்ணப்பதாரர் உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், சோலைவரிச் சிட்டை, வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகைமை பெற்ற ஒருவர் கையொப்பமிட்ட கட்டட வரைபடம் ஆகியவற்றைக் கொடுப்பார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்துக்குப் போய், வரைபடத்தில் உள்ளதும் நிலத்தில் உள்ளதும் பொருந்துகின்றனவா என்று பார்த்து அறிக்கை எழுதுவார். கழிவகற்றல் குறித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தமது குறிப்பை இடுவார். குழு கூடும் நாளில் கோப்புகள் கட்டுக்கட்டாக மேசையில் இருக்கும். குழுவிலுள்ள அனைவரும் காணியை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது வரைபடத்தை. காணியின் பரப்பு, வீதியகலம், உயரம், பின்புற வெற்றிடம், வாகனத் தரிப்பிடம் முதலியவற்றை, 2021 யூலை 8ஆம் திகதிய 2235/54ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியான திட்டமிடல் மற்றும் அபிவிருத்தி ஒழுங்குவிதிகளோடு ஒப்பிட்டு, அனுமதிக்கலாம், நிபந்தனையோடு அனுமதிக்கலாம், திருத்திக் கொண்டுவரச் சொல்லலாம், நிராகரிக்கலாம், அல்லது வேறொரு திணைக்களத்தின் பதில் வரும்வரை ஒத்திவைக்கலாம்.

இப்போது உங்கள் கிணற்றுக்கு வருவோம். நான் பார்த்த இத்தகைய கோப்புகள் பலவற்றில், இட வரைபடத்தின் நடுவே கட்டடம் துல்லியமாக வரையப்பட்டிருக்கும், மலக்குழி சிறு சதுரமாகக் குறிக்கப்பட்டிருக்கும், வடதிசை அம்புக்குறிகூட அழகாக இருக்கும். ஆனால் எல்லைக்கோட்டுக்கு அப்பால் அயற்காணி வெறும் வெள்ளைத்தாளாக விடப்பட்டிருக்கும். அந்த வெள்ளையில் ஒரு கிணறு இருக்கிறது என்பதை வரைபடம் சொல்லாவிட்டால், குழுவுக்கு அது தெரியவரும் வழி தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பரிசோதகரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது ஒன்றுதான். உப்புவெளியின் மணல் நிலத்தில், பன்னிரண்டு அறை விடுதியின் கழிவைத் தாங்கும் குழியும் குடிநீர்க் கிணறும் 22 அடியில் இருப்பது, தெரிந்துகொண்டே ஒரு பரிசோதகர் பேசாமல் கையொப்பமிடக்கூடிய விடயமன்று. எனவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உங்கள் கிணறு இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முதலில் அறியவேண்டியது. கிணறு காட்டப்படவில்லையென்றால், கருத்திற்கொள்ள வேண்டிய விடயத்தைக் கருத்திற்கொள்ளாமல் எடுத்த முடிவு என்று வாதிடலாம். கிணறு காட்டப்பட்டிருந்தும் அனுமதித்திருந்தால், அதற்குக் காரணம் சொல்லவேண்டிய பொறுப்பு அவர்களுடையது. குழி வரைபடத்தில் வேறிடத்தில் இருந்து, நிலத்தில் வேலியோரம் வெட்டப்பட்டிருந்தால், அது மூன்றாவது நிலைமை. உங்களுக்கு மிக இலகுவானதும் அதுவே.

என்னைக் கேட்காமல் அனுமதிக்கலாமா என்று கேட்கிறீர்கள். 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதியாக இருந்திருந்தால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் ஏற்பாடுகள் தொழிற்பட்டு, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு 30 நாட்களுக்கு வைக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு அறைக்கு அது கிடையாது. சாதாரணக் கட்டட விண்ணப்பமொன்றில் அயலவர்கள் அனைவருக்கும் அறிவித்தல் அனுப்பும் பொதுக் கடப்பாடு இல்லை. அது மாத்திரம் அனுமதியைப் பிழையாக்காது. ஆனால், உங்கள் முறைப்பாடு அனுமதி வழங்கப்படுவதற்கு முன்னரே சபைக்குக் கிடைத்திருந்தால் கதை மாறும். எழுத்தில் வந்த ஆட்சேபத்தைப் படிக்காமல் முடிவெடுப்பது வேறு, ஆட்சேபமே இல்லாத நிலையில் முடிவெடுப்பது வேறு. உங்கள் கடிதத்தின் திகதியையும் அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தத் தாள்களைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "அந்தக் கட்டடம் பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்காமல், அங்கீகரிக்கப்பட்ட இட வரைபடம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கள அறிக்கை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசு, குழு கூடிய நாளின் கூட்டக் குறிப்பு, நிபந்தனைகளோடு கூடிய அனுமதிப்பத்திரம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். வரைபடம் தனிப்பட்டவரின் சொத்து என்று மறுத்தால், மறைக்க வேண்டியதை மறைத்து மிகுதியைத் தரவேண்டும் என்ற 6ஆம் பிரிவைக் காட்டுங்கள். உங்களுக்கு வேண்டியது அறைகளின் அமைப்பு அன்று, குழியின் இடம். அதற்கும் அசையாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அதன் பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும் மேன்முறையீடு செய்யலாம்.

அதே கடிதத்தில் 35ஆம் பிரிவையும் குறிப்பிட்டு, இந்த முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தரும்படி கேளுங்கள். தீர்மானமொன்றால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லும் கடமையை அந்தப் பிரிவு அலுவலர்கள்மீது சுமத்துகிறது. இது புதிய சிந்தனையுமன்று. தொழில் ஆணையாளரின் கட்டளை ஒன்றைப் பற்றிய கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்ரோன்ஸ் வழக்கில், காரணங்களை வெளிப்படுத்த மறுத்தால் காரணங்களே இல்லை என்ற அனுமானத்துக்கு இடமுண்டு என்னும் நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் 1990களிலேயே எடுத்துவிட்டது.

கடற்கரை மூன்று நிமிடத் தூரம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய விடயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையிலான நிலம் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு 14ஆம் பிரிவின் கீழ்க் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் தனியாக வேண்டும். சபையின் அனுமதி அதற்கு ஈடாகாது. அந்தக் காணி 300 மீற்றருக்குள் வருகிறதா என்பதை அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவர் சொல்வார். வந்தால், திணைக்களத்துக்கு நேரடியாக எழுதுங்கள்.

வேலையை நிறுத்துவது பற்றி. அனுமதிக்கு மாறாகக் கட்டப்படுகிறது என்று தெரிந்தால், நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28ஏ பிரிவின் கீழ் வேலையை உடனே நிறுத்தவும் மாற்றியமைக்கவும் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துத் தகர்ப்புக் கட்டளை பெறலாம். ஆனால் அந்த விண்ணப்பத்தை அதிகாரசபையோ அதிகாரம் பெற்ற அலுவலரோதான் செய்ய முடியும். நீங்கள் செய்ய முடியாது. ஆகவே உங்கள் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் சபைக்கும் அதிகாரசபையின் அலுவலகத்துக்கும் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடமையைச் செய்யுமாறு கேட்டும் செய்யவில்லை என்பது நிறுவப்பட்டால்தான், அதைச் செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடும் ஆணையீட்டு எழுத்தாணை கேட்பதற்கு அடித்தளம் கிடைக்கும்.

அனுமதிப்பத்திரத்தையே இரத்துச் செய்யவேண்டுமானால், அதற்குரியது உறுதிகேள் எழுத்தாணை. அதிகாரம் மத்திய சட்டத்திலிருந்து பிறந்ததால், அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே உரிய இடம் என்பது என் கருத்து. திருகோணமலையிலேயே மாகாண மேல் நீதிமன்றம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். செலவைப் பார்த்தால் அந்த ஆசை நியாயமானது. ஆனால் 154பீ உறுப்புரையின் 4ஆம் உட்பிரிவு தரும் எழுத்தாணை அதிகாரம் மாகாண சபை நிரலில், அதாவது மாகாணங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரங்களின் பட்டியலில் உள்ள விடயங்களோடு கட்டுண்டது. நியாயாதிக்க ஆட்சேபத்தில் மனு தள்ளுபடியானால் இழந்த காலத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எழுத்தாணை என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு உட்பட்ட நிவாரணம். கட்டடம் முழுமையாக எழும்பி விருந்தினர் குடிவந்த பின்னர் போனால், இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கு ஒரு மாதமே காலவரையறை. அதில் இரண்டு கிழமை போய்விட்டது. உங்கள் கடிதத்தில் பாரபட்சத்துக்கான சான்று எதையும் நான் காணவில்லை, ஆகவே அந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அனுமதி சரியோ பிழையோ, அது உங்களுக்கும் அயலவருக்கும் இடையிலான தனிப்பட்ட உரிமைகளைத் தீர்ப்பதில்லை. கிணற்று நீர் மாசடையும் அபாயத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் தொல்லைக்கு எதிராக வழக்கிட்டு இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். வெளிச்சமும் காற்றும் மறைகின்றன என்பதை மட்டும் வைத்து அங்கே போகவேண்டாம். எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கு வழியுரிமை போன்றதொரு சுமையுரிமை, அதாவது அயற்காணியின் மேல் உங்களுக்குள்ள உரிமை, நிறுவப்பட வேண்டும், அது கடினம்.

கிணற்று நீரை இப்போதே பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறுங்கள். விடுதி இயங்கத் தொடங்கிய பின்னர் எடுக்கும் அறிக்கையோடு ஒப்பிட அதுவே ஆதாரம். குழிக்குக் கொங்கிரீட் மூடி போடுவதற்கு முன்னர், நாடா தெரியும்படியாக உங்கள் காணிக்குள் நின்றே படம் எடுத்து, அதே நாளில் நில அளவையாளரைக் கொண்டு தூரத்தைக் குறித்து வரைபடம் ஒன்றும் தயாரித்து வையுங்கள். மூடிய பிறகு அளப்பதற்கு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டிவரும்.