கடற்பனியும் காற்றும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

வட துருவக் கடலின் பனிக்கட்டிக்கும் அதன் மேலே உள்ள காற்றுக்கும் இடையே வெப்பம் எப்படிப் போய்வருகிறது என்பது பற்றிக் கேள்விகள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், குளிர்காலத்தில் மேலே காற்று மைனஸ் 30 டிகிரி. அப்படியென்றால் கடல் ஏன் அடிவரை உறைந்துபோகவில்லை?

கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். பனிக்கட்டியின் அடிப்பக்கம் எப்போதும் அந்த வெப்பநிலையில்தான் இருக்கும். மேற்பரப்பு மைனஸ் 30 என்றால் 28 டிகிரி வித்தியாசம். 2 மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி வழியாக ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 28 வாட் வெப்பம்தான் மேலே ஏறும். அந்த அளவு வெப்பம் வெளியேறினால் ஒரு நாளில் அடியில் புதிதாக உறைவது சுமார் 8 மில்லிமீட்டர். தடிமன் கூடக் கூட வெப்பம் ஏறுவது குறையும், வளர்ச்சியும் குறையும். ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1891-லேயே, துருவப் பயணங்களில் அளந்த தடிமன்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்: தடிமன், நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். அதாவது இரண்டு மடங்கு தடிமனுக்கு நான்கு மடங்கு நாள். அதற்குள் கோடை வந்துவிடும்.

கேள்வி: மேலே வெண்பனி விழுந்தால் இன்னும் குளிர்ந்து வேகமாக உறையும், சரிதானே?

நேர் எதிர். இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் அளவில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்குதான் வெண்பனி கடத்தும். அதற்குள் பெரும்பகுதி காற்று. மீன் பெட்டிக்குத் தெர்மாகோல் போடுகிற அதே காரணம்தான். கணக்குப் போட்டால், 30 சென்டிமீட்டர் வெண்பனி தருகிற தடை, 2 மீட்டர் பனிக்கட்டி தருகிற தடைக்குச் சமமாக வரும். முதல் பதிலில் சொன்ன 28 வாட் அப்படியே பாதியாகி 14 ஆகிவிடும். நாளுக்கு 8 மில்லிமீட்டர் வளர்ந்தது 4 ஆகும்.

ஆக, இலையுதிர்காலத்தில் நிறைய வெண்பனி விழுந்த வருடத்தில் பனிக்கட்டி மெலிந்தே இருக்க வாய்ப்பு அதிகம். காற்றில் அடித்துச் செல்லப்படும் வெண்பனி மேடுகளின் ஓரத்தில் குவியும், சமதளத்தில் மெல்லியதாக இருக்கும். பத்தடி தள்ளி அளந்தால் வேறு எண் வரும். சராசரித் தடிமனை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை.

கேள்வி: குளிர்காற்றுதானே பனிக்கட்டியின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் துருவ இரவில் பெரும்பாலும் மேற்பரப்பைவிட அதன் மேலுள்ள காற்றுதான் கொஞ்சம் சூடாக இருக்கும். சில நூறு மீட்டர் உயரத்தில் தரையைவிடப் பத்து டிகிரி அதிகமாக இருப்பதும் உண்டு. எனவே காற்றிலிருந்து வெப்பம் கீழே இறங்கும். அதுவும் சொற்ப அளவில், ஏனென்றால் கனமான குளிர்காற்று அடியில் படிந்து கலக்காமல் கிடக்கும்.

உண்மையான இழப்பு அகச்சிவப்புக் கதிர் வழியாக. 1997 அக்டோபரிலிருந்து ஓராண்டு, கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்றை பியூஃபோர்ட் கடலில் உறையவிட்டு, 'ஷீபா' என்ற திட்டத்தில் இதை அளந்தார்கள். குளிர்காலம் இரண்டே நிலைகளுக்குள் மாறி மாறி நின்றது. வானம் தெளிவாக இருந்தால் மேற்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் இழக்கும். தாழ்வான மேகம் வந்தால் இழப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடைநிலை அபூர்வம். அந்த மேகங்களில் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாத நீர்த்துளிகள் இருக்கும்; கதிரைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது அவைதான். சூரியனே இல்லாத ஜனவரியில், மேகம் வந்ததால் மட்டும் மேற்பரப்பு சில மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

கேள்வி: பனிக்கட்டி பிளந்து தண்ணீர் தெரிந்தால் என்ன ஆகும்?

அப்போதுதான் எண்கள் எகிறும். மைனஸ் 30 காற்று, மைனஸ் 1.8 தண்ணீர், நடுவே எதுவுமில்லை. சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் போகும். பக்கத்தில் இருக்கும் தடித்த பனிக்கட்டியில் போவதைவிடப் பத்து, இருபது மடங்கு. மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் திறந்திருந்தாலும் கணக்கில் அதைத் தள்ளிவிட முடியாது. பிளவின் மேல் புகை மாதிரி நீராவி எழும். சில மணி நேரத்தில் கறுப்பாக, கண்ணாடி போல மெல்லிய பனிக்கட்டி மூடும். அதன்மேல் உறைபனிப் பூக்கள் பூக்கும்: இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இறகு போன்ற படிகங்கள். நாக்கில் வைத்தால் கடல்நீரைவிட உப்புக் கரிக்கும், ஏனென்றால் உறையும்போது வெளியே தள்ளப்பட்ட உப்புநீரை அவை உறிஞ்சிக்கொள்கின்றன.

கேள்வி: இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? தெர்மாமீட்டர் போதாதா?

போதாது. கம்பத்தில் ஒலியலைக் காற்றுமானி ஒன்றைக் கட்டுவார்கள். காற்று மேலே போகிறதா, கீழே வருகிறதா, அந்தக் கணத்தில் எவ்வளவு சூடு என்பதை நொடிக்குப் பத்து இருபது முறை பதியும். மேலேறும் காற்று சூடாகவும் இறங்கும் காற்று குளிராகவும் இருந்தால் வெப்பம் மேலே போகிறது. தத்துவம் இவ்வளவுதான். தொல்லை வேறு இடத்தில். உணரிகளில் உறைபனி பிடிக்கும், சூடேற்றி உருக்க வேண்டும். சூடேற்றினால் அளவீடு கெடலாம். 2019-20-இல் ஜெர்மனியின் 'போலார்ஷ்டெர்ன்' கப்பல் பனியோடு மிதந்த மொசைக் பயணத்தில், கம்பம் நின்ற பனிக்கட்டியே பிளந்து மின்கம்பிகள் சிக்கிக்கொண்டன. கருவியைச் சரிபார்க்கப் போகும்போது துருவக் கரடிக்குக் காவலாக ஒருவர் துப்பாக்கியோடு நிற்பார்.

கேள்வி: அண்ணா, நான் பத்தாம் வகுப்பு. கோடையில் 24 மணி நேரமும் வெயில் என்றால் அங்கே காற்று ஏன் சூடாவதில்லை?

நல்ல கேள்வி தம்பி. வருகிற வெப்பமெல்லாம் உருக்கவே செலவாகிவிடுகிறது. பனிக்கட்டி இருக்கும்வரை மேற்பரப்பு பூஜ்ய டிகிரியைத் தாண்டாது, ஒட்டியிருக்கும் காற்றும் ஜூலை முழுக்க அதையொட்டியே நிற்கும். வெண்பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். உருகி நீலக்குட்டைகள் வந்தபிறகு அது 20 முதல் 40 ஆகக் குறையும். திறந்த கடல் 10 சதவீதத்தைக்கூடத் திருப்பாது.

கேள்வி: கடற்பனி உருகினால் கடல்மட்டம் உயருமா?

கிட்டத்தட்ட இல்லை. மிதக்கிற ஐஸ் அது.

கேள்வி: மெல்லிய பனி வேகமாக வளரும் என்றீர்கள். அப்படியானால் குறைந்த பனி தானாகவே மீண்டுவிடாதா?

ஓரளவு மீளும், அது உண்மையே. ஒரு மோசமான கோடைக்குப் பிறகு அடுத்த வருடம் கொஞ்சம் தேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கோடையில் திறந்துகிடந்த கடல் வெயிலைக் குடித்துவைத்திருக்கும். உறைவதற்கு முன் அந்த வெப்பத்தை அக்டோபர், நவம்பரில் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆர்க்டிக்கின் வெப்ப உயர்வு கோடையில் சிறிதாகவும், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பெரிதாகவும் தெரிவது இதனால்தான். உறைவது தள்ளிப்போவதால் வளர்ச்சிக்குக் கிடைக்கும் நாட்களும் குறைகின்றன. அதனால் வேகமாக வளர்ந்தாலும், அடுத்த மே மாதத்துக்குள் பழைய தடிமனைத் தொடுவதில்லை.