இருபது எண்களா, பத்தா?

வணக்கம் ஐயா,

பத்துப் பேரிடம் ஒரே வேலையை இரண்டு முறைகளில் செய்யச் சொல்லி நேரம் குறித்தேன். இரண்டையும் தனித்தனிக் குழுக்களாக வைத்து டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டால் வேறுபாடு தேறவில்லை. இணைகளாகப் போட்டால் தேறுகிறது. எண்கள் அதேதான். எனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்வது ஏமாற்று ஆகாதா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இது உங்களை உறுத்தியதே நல்ல விஷயம். ஆனால் ஒரு திருத்தம்: உங்கள் கையில் இருப்பது இருபது எண்கள் அல்ல, பத்து வித்தியாசங்கள்.

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காஸெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் எழுதிய கட்டுரையில் உங்களுடையதைப் போன்ற தரவு ஒன்று வருகிறது. பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். ஒவ்வொரு மருந்தாலும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. ஏழாம் நோயாளிக்கு 3.7, 5.5. இரண்டாமவருக்கு முதல் மருந்தில் இருந்த தூக்கமும் 1.6 மணி குறைந்தது, அடுத்ததில் 0.8 கூடியது. மருந்து எதுவானாலும் ஆளுக்கு ஆள் இவ்வளவு தூரம். தனிக் குழுக்களாகப் பிரித்தால் இந்த ஆள் வேறுபாடு முழுவதும் திட்டப்பிழையில், அதாவது சராசரி வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடும் என்ற அளவில், போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொருவரையும் அவரோடே கழித்துப் பார்த்தால் அது உதிர்ந்துவிடும்.

சராசரி வித்தியாசம் இரண்டு வழியிலும் 1.58 மணிதான். திட்டப்பிழை மட்டும் 0.85-லிருந்து 0.39-ஆக இறங்குகிறது. சராசரி வித்தியாசத்தைத் திட்டப்பிழையால் வகுத்தால் வரும் டி 1.86-லிருந்து 4.06-க்கு ஏறுகிறது. இதற்கு விலையும் உண்டு: டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தரவில் சுதந்திரமாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 18 போய் 9 ஆகிறது, வேறுபாடு தேற டி தாண்டவேண்டிய எல்லை 2.10-லிருந்து 2.26-ஆக உயர்கிறது. இணைகளுக்குள் ஒட்டுறவே (ஒன்று கூடினால் மற்றதும் கூடும் தொடர்பே) இல்லையென்றால் இந்த விலை வீண். இங்கே கொள்ளை மலிவு.

இயல்நிலைப் பரவல் (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகக் குறையும் பரவல்) வேண்டும் என்பதும் வித்தியாசங்களுக்குத்தான், மூல அளவுகளுக்கு அல்ல. அதனால் அந்தப் பத்தையும் ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். காஸெட் தரவில் ஒன்பதாமவரின் 4.6 மணி வித்தியாசம் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அவரை நீக்கினால் சராசரி 1.24-ஆகக் குறைகிறது, டி-யோ 5.66-ஆகக் கூடுகிறது! திட்ட விலக்கம், அதாவது வித்தியாசங்களின் சிதறல், ஏறக்குறைய பாதியாகிவிடுவதுதான் காரணம். அதற்காக நீக்கிவிடாதீர்கள், உங்கள் தரவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தெரிந்து வைத்திருங்கள்.

ஏமாற்றா என்றால், இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு முறைகளையும் கொடுத்தபோதே இணைச் சோதனை முடிவாகிவிட்டது. தனிக் குழுக் கணக்கை நீங்கள் போட்டிருக்கவே வேண்டாம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. யாருக்கு எந்த முறை முதலில் என்று குலுக்கிப் போட்டீர்களா? பத்துப் பேரும் ஒரே வரிசையில் செய்திருந்தால், இரண்டாம் முறைக்கு வரும்போது கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தையும் முறையின் வித்தியாசத்தையும் எந்தச் சோதனையாலும் பிரித்துத் தர முடியாது. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.