எந்த வயதுக் குழந்தைக்கு ஆசிரியர்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவள். இந்த ஆண்டு பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் தேறியிருக்கிறேன். என் சித்தி, தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி மையத்தை நடத்தியபோது, மாலை நேரங்களில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உதவினேன். அப்போதிருந்தே ஆசிரியராக வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன். வீட்டிலோ, "கூடலூரில் பி.காம். சேர்ந்து பிறகு பி.எட். முடித்துவிடு, எந்த வகுப்புக்கு வேண்டுமானாலும் போகலாம். வெறும் டீச்சர் டிரெயினிங் மட்டும் படித்தால் யார் மதிப்பார்கள்?" என்கிறார்கள். நான் எதைத் தேர்வது? படித்த பிறகு இந்த மலையிலேயே வேலை கிடைக்குமா?

வாசகி, பந்தலூர் வட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டார் சொல்வது அக்கறையிலிருந்து வருவதுதான். ஆனால் அந்த யோசனையை அப்படியே பின்பற்றினால் நீங்கள் விரும்பும் ஒன்றாம் வகுப்பு உங்களுக்குக் கிடைக்காது.

பி.காம். விஷயத்தை முதலில் பார்ப்போம். பள்ளியில் வணிகவியல் பாடம் பதினொன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே வணிகவியல் ஆசிரியருக்குப் பணியிடமே இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களைப் படித்தவர்கள் பி.எட். சேர முதுநிலைப் பட்டம் கேட்கப்படுகிறது. பி.காம். மூன்றாண்டு, எம்.காம். இரண்டாண்டு, பி.எட். இரண்டாண்டு என ஏழாண்டு படித்து முடித்தால், நீங்கள் பாடம் நடத்தப்போவது மீசை அரும்பிய பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு மட்டுமே. அதுவும் நல்ல பணிதான். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எங்கும் தென்படவில்லை.

அடுத்தது, பி.எட். இருந்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்ற நம்பிக்கை. இதற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 2018 ஜூன் மாதத்தில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கை, பி.எட். முடித்தவர்கள் ஆறுமாத இணைப்புப் பயிற்சியுடன் தொடக்க வகுப்புகளுக்கும் ஆசிரியராகலாம் என்று அனுமதித்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையைச் செல்லாததாக்கியது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், பி.எட். அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று என்பதே தீர்ப்பின் சாரம். தனியார் பள்ளிகள் சிலவற்றில் பி.எட். முடித்தவர்கள் மூன்றாம் வகுப்பு எடுப்பதைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டார் அப்படிச் சொல்லியிருக்கக்கூடும். அரசுப் பணிக்கு அது பொருந்தாது.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராவதற்குத் தமிழ்நாட்டில் நேர்வழி, பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான். பழைய பழக்கத்தில் இன்னமும் டி.டி.எட். என்றே பலர் சொல்கிறார்கள். எல்லா மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் இது நடப்பதில்லை என்பதால், சேர்க்கை அறிவிப்பு வந்ததும் எங்கெங்கே இடமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் நம் மலையில் வலுவாகவே இருக்கிறது. பட்டயத்தை, பட்டம் வாங்க முடியாதவர்களுக்கான ஆறுதல் பரிசு போலப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நம் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி எப்படி நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். தோட்டப் பகுதிகளில் பல பள்ளிகளில் பிள்ளைகள் அதைவிடக் குறைவு என்பதால், இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரே அறையில் ஒருவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க, இன்னொருத்தி வகுத்தல் கணக்கில் மீதியைத் தேடிக்கொண்டிருப்பாள். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்புப்படி அல்லாமல் அவர்கள் எட்டியிருக்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததற்கு இப்படிப்பட்ட வகுப்பறைகள்தாம் நியாயம். இதன்மேல் மொழி வேறு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் வீட்டுப் பிள்ளையும், வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளையும், பணியர் அல்லது காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே பாடநூலைத் திறக்கும்போது, அந்த நூலின் தமிழ் மூவருக்கும் ஒரே தொலைவில் இருப்பதில்லை. இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கு இந்த அறையைச் சமாளிக்கும் திறன் தானாக வந்துவிடாது. மையத்தில் மாலை நேரங்களில் உதவிய உங்களுக்கு இதன் கடினம் ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் அதையே விரும்புகிறீர்கள் என்பதுதான் நான் பட்டயப் படிப்பைப் பரிந்துரைப்பதற்குக் காரணம்.

பட்டயம் படித்தால் அத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதும் இல்லை. முடித்த பிறகு தொலைநிலையில் ஓர் இளநிலைப் பட்டமும், ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கென்று திறந்த பல்கலைக்கழகங்கள் நடத்தும் பி.எட். படிப்பும் உங்களுக்கு வாய்க்கும். அப்போது எடுக்கும் பட்டம் தமிழ், ஆங்கிலம், வரலாறு போன்று பள்ளியில் உள்ள பாடமாகவே இருக்கட்டும். கல்லூரிகள் கவர்ச்சிக்காகப் பெயர் நீட்டி வைத்திருக்கும் பட்டங்கள் அரசுத் தேர்வின்போது, கேட்கப்படும் பட்டத்துக்கு இணையானதா என்ற இணைத்தன்மைச் சிக்கலில் மாட்டி, படித்தவர்களை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது இங்கே புதிதல்ல.

ஒருவேளை ஆறாம் வகுப்புக்கு மேலே ஒரு பாடத்தை ஆழமாகக் கற்பிக்கத்தான் விருப்பம் என்று உங்கள் மனம் மாறினால், பி.ஏ. முடித்து பி.எட். சேரலாம், அல்லது இரண்டையும் நான்கே ஆண்டில் இணைத்துத் தரும் படிப்பைத் தேடலாம். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) கீழ் மைசூரில் இயங்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் இது உண்டு, அதற்குத் தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கூடலூர்க்காரர்களுக்குச் சென்னையைவிட மைசூர் எவ்வளவோ பக்கம். பந்திப்பூர் வழியில் இரவில் வண்டி விட மாட்டார்கள் என்பது ஒன்றுதான் தொல்லை. ஆனால் இத்தகைய புதிய படிப்புகளில் அடிப்படை நிலை, ஆயத்த நிலை, நடுநிலை, உயர்நிலை என்று சான்று தனித்தனியாகத் தரப்படுகிறது. தமிழ்நாட்டின் ஆசிரியர் பணியிடங்களோ வேறுவிதமாகப் பிரிக்கப்பட்டவை. நீங்கள் எடுக்கும் சான்று எந்தப் பணியிடத்துக்கு ஏற்கப்படும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டயம் கையில் வந்ததும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுத வேண்டும். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள், பகுதிக்கு முப்பது வினா, மொத்தம் 150 மதிப்பெண். தொடக்கப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துபவர் என்பதால் கணக்கிலிருந்து தப்ப முடியாது. வணிகவியல் பிரிவில் கணிதப் பாடம் எடுக்காமல் இருந்திருந்தால் எட்டாம் வகுப்பு வரையிலான கணக்கை இப்போதே தூசி தட்டுங்கள். அதில் தேறினாலும் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு இருக்கிறது, அதன் பிறகு கலந்தாய்வில்தான் ஊர் தீர்மானமாகும். பந்தலூரிலேயே இடம் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். முதலில் சமவெளியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இடமாறுதல் கலந்தாய்வில் மலைக்கு விண்ணப்பிக்க நேரலாம். அதற்கும் சேர்த்து வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.