ஸ்பிண்டிலில் ஏறாத பேரிங்

கேள்வி: பழைய லாரியின் முன் சக்கரங்களுக்குப் புது டேப்பர் பேரிங் மாற்றுகிறேன். உள் பேரிங்கின் கோன் (ரோலர்கள் கோத்த உள் வளையம்) ஸ்பிண்டிலில் (சக்கரத்தைத் தாங்கும் சுற்றாத அச்சு) முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. பைப் வைத்துத் தட்டி ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கையால் தள்ளினாலே கோன் போய் உட்கார வேண்டும். சுற்றுவது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்தான், ஸ்பிண்டில் இல்லை. அதனால் இறுக்கமாக அடித்து ஏற்ற வேண்டியது ஹப்புக்குள் இருக்கும் வெளி வளையமான கப்பை மட்டும். கோன் ஸ்பிண்டிலைக் கவ்விக்கொண்டால் நட்டு இறுக்கும்போது தோள் (கோன் முட்டி நிற்க வேண்டிய படி) வரை போகாது. பிளே (பேரிங்குக்கு விடும் சிறு ஆட்டம்) சரியாக வைத்த மாதிரியே தெரியும். வண்டி ஓடி, கோன் உள்ளே நகர்ந்ததும் சக்கரம் ஆடத் தொடங்கும்.

பழைய கோனில் பொறித்த நம்பரும் புதியதும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். பிறகு ஸ்பிண்டிலை டீசலில் துடைத்து, நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். முன்பு யாராவது பழைய கோனை உளி வைத்து எடுத்திருந்தால் நகம் ஓரிடத்தில் தடுக்கும். அந்த வெட்டின் ஓரத்தில் எழும்பி நிற்கும் பிசிறுதான் பெரும்பாலும் வில்லன். நைஸ் அரத்தால் பிசிறை மட்டும் எடுத்து, 400 நம்பர் எமரியைப் பட்டையாகச் சுற்றி, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுங்கள். சின்னப் பள்ளம் இருந்தால் பாதகமில்லை, மேடு கூடாது. கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் வழுவழுப்பாகியும் தோளுக்கு மயிரிழை முன்னால் நிற்கிறதா? துளையும் வெளி விட்டமும் ஒன்றாகவே இருந்து, கோனின் உள் விளிம்பு வளைவு மட்டும் வேறுபடும் பேரிங்குகள் உண்டு. வளைவு சிறிதாக இருந்தால் கோன் ஸ்பிண்டிலின் மூலை வளைவில் ஏறி நின்றுவிடும். எமரி இதற்கு உதவாது. சரியான நம்பர்தான் தீர்வு.

இதற்கு நேரெதிராகக் கோன் லொடலொடவென்று இருந்தால், சென்டர் பஞ்சால் ஸ்பிண்டிலில் புள்ளி அடித்துப் பிடிப்பு ஏற்றும் வழக்கம் உண்டு. அந்தப் புள்ளிகள் சீக்கிரமே தேய்ந்துவிடும், பழைய ஆட்டம் திரும்பிவிடும்.

கேள்வி: பழைய கப் பளபளவென்று இருக்கிறது. கோனை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. பழைய ரோலர் உருண்ட தடத்தில் புது ரோலர் ஒழுங்காகப் படியாது. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டி வெளியேற்றுங்கள். புதியதை அடிக்கும்போது தடித்த விளிம்பு ஹப்புக்குள் போக வேண்டும். ஹப்பின் உள்ளே இருக்கும் தோளில் உட்கார்ந்ததும் மந்தமான சத்தம் கணீரென்று மாறும். அப்போதும் நம்பாமல் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தோளுக்கும் கப்புக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது.

கேள்வி: நட்டை எவ்வளவு இறுக்குவது? போன முறை கொஞ்ச தூரத்திலேயே ஹப் சுட்டது.

பதில்: நட்டை அதிகமாக இறுக்கியது காரணமாக இருக்கலாம். ஆனால் பிரேக் டிரம் மட்டும் சுட்டு, ஹப்பின் நடுப்பகுதி ஆறியிருந்தால் பிரேக் பிடித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

கிரீஸை ரோலர்களின் பெரிய முனை வழியே, சின்ன முனையில் பிதுங்கி வரும்வரை அழுத்துங்கள். ஆயில் சீல் புதிதாகவே இருக்கட்டும். காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) போடும் ஒற்றை நட்டு உள்ள கனரக முன் ஆக்சிலில், ஹப்பைச் சுற்றிக்கொண்டே 270 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மீண்டும் சுற்றிக்கொண்டே 68 வரை இறுக்குவது பொதுவான முறை. அதன்பின் அங்குலத்துக்கு 12 மரை என்றால் ஆறில் ஒரு சுற்றும், 18 மரை என்றால் கால் சுற்றும் தளர்த்த வேண்டும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

முடிவாக நம்ப வேண்டியது டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி). காந்த அடியை ஹப்பிலும் தொடு நுனியை ஸ்பிண்டில் முனையிலும் வைத்து, ஹப்பை இரு பக்கமும் பிடித்து நேராகத் தள்ளி இழுங்கள். 0.025 முதல் 0.125 மி.மீ. வரை ஆட்டம் இருக்கலாம். முள் அசையவே இல்லையென்றால் காட்டர் பின்னைப் போடாதீர்கள். நட்டைத் தளர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.