எக்ஸ்சேஞ்ச் அக்கா பதில்கள்: நம்பரைப் போட்டதும் கை நடுங்குகிறது

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு ஊர் நன்னிலம் பக்கம். வயது 61. அவர் போய் நாலு வருஷமாகிறது. மகள் பெங்களூரில், மகன் சிங்கப்பூரில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கும்பகோணத்தில் ஒரு சேவை இருக்கிறதாம். பெண்களுக்குத் துணையாகப் பெண்களையே அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம் என்று கூட வருவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டும் போவார்களாம். மணிக்கு இவ்வளவு என்று கூலி. நம்பரை காலண்டர் அட்டைக்குப் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன். போடுவேன், அந்தப் பக்கம் மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிடுவேன். யார் எடுப்பார்களோ, என்ன கேட்பார்களோ? ஐப்பசி கடைசி நாள் கடைமுகத்துக்கு மாயவரம் துலாக்கட்டத்தில் காவிரியில் முழுகணும், படி வழுக்கும், அதற்குத் துணை வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு நிஜமாகவே வேண்டியது பேச்சுத் துணை. அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. காசு கொடுத்து ஆள் வைத்துப் பேசுகிறாள் என்று ஊர் சிரிக்காதா?
- பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது. வெளியூருக்கு டிரங்க் கால் புக் பண்ணிக் காத்திருந்த காலத்திலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டில் ஆபரேட்டராக உட்கார்ந்தவள் நான். விளக்கு எரியும், ஒயரைச் சொருகி ‘நம்பர் ப்ளீஸ்’ என்போம். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். சாவுச் செய்தி சொல்ல வந்தவர்கள் மடமடவென்று பேசிவிடுவார்கள். மருமகனிடம் கைமாற்று கேட்க வந்த மாமனார்தான் திணறுவார். இன்னாரோடுதான் பேசணும் என்று பி.பி. கால் புக் பண்ணி, கேட்ட ஆளே லைனுக்கு வந்த பிறகு, ‘ஒண்ணுமில்லை, சும்மாதான்’ என்று வைத்துவிட்டுக் காசு கட்டிப் போனவர்களும் உண்டு. சொல்வதற்கு நடுங்காத குரல், கேட்பதற்கு நடுங்கும். உங்களுக்கும் அதுதான். தைரியம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஒன்றை மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த போனில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் இல்லை. அவர் போனது, பிள்ளைகள் எங்கே, ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதெல்லாம் முதல் போனில் வேண்டவே வேண்டாம். உங்கள் கதையை எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பதால்தான் விரல் கட் பட்டனுக்குப் போகிறது. கதையே வேண்டாம். ஒரு காகிதத்தில் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: “வணக்கம். நன்னிலம் பக்கம் வரைக்கும் ஆள் அனுப்புவீங்களா? மணிக்கு எவ்வளவு?” பார்த்தே படியுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் பேச வேண்டியது அவர்கள் பாடு.

ஆண் குரல் எடுத்தால் பதறாதீர்கள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். “வர்ற அம்மாகிட்டயே ஒரு வார்த்தை பேசணும்” என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் பேச வைப்பார்கள். மழுப்பினால் அதுவே பதில்.

நேரம் என்றால் காலை பதினொன்று. சமையல் முடிந்திருக்கும், பக்கத்து வீட்டு அம்மா மோர் கேட்டு வர இன்னும் நேரமிருக்கும். சீரியல் நேரத்தில் கூப்பிட்டால் உங்களுக்கும் கவனம் இருக்காது, அவர்களுக்கும் இருக்காது. ராகு காலம் பார்க்கிறவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை மட்டும்தான் ராகு காலம். செவ்வாய் முழுக்க அதன் பேரில் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியும் விரல் நகரவில்லையா? முதலில் 14567-க்குப் போடுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண், காசு கிடையாது, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். தகவல் சொல்வார்கள், மனசு சரியில்லை என்றாலும் காது கொடுப்பார்கள். இந்த மாதிரி சேவைகளில் எதைக் கவனிக்கணும் என்று அவர்களிடமே கேளுங்கள். 60 தாண்டியவர் நீங்கள், அது உங்களுக்காகவே வைத்த நம்பர். அந்தப் பேச்சு முடிந்த கையோடு காலண்டர் அட்டையைத் திருப்புங்கள், குரல் அதற்குள் திறந்திருக்கும்.

இனி, நாக்கு எழாத விஷயத்துக்கு வருகிறேன். “பேச்சுத் துணைக்கும் வருவாங்களா?” இவ்வளவுதான் கேள்வி. போனை எடுக்கிறவருக்கு இது புதுசே இல்லை. ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது இதுதான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். கடைமுகத்தைச் சாக்கு சொன்னால் சிக்கல் வேறு. படியில் கையைப் பிடித்து இறக்கத் தெரிந்த, ஆனால் வாயே திறக்காத ஒருத்தியை அனுப்பிவிடுவார்கள். நாள் பூரா அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நீங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பேச்சுதான் வேண்டும் என்றால் அதையே சொல்லணும். எந்த வயசு ஆள், கோயில் குளம் தெரிந்தவளா, சினிமா பேசுகிறவளா, வயல் விவகாரம் புரிந்தவளா என்று கூடக் கேட்கலாம். கொடுக்கிற கூலிக்கு அதுவும் சேர்த்திதான்.

ஊர் சிரிக்குமா? சிரிக்கட்டும். இதே தஞ்சாவூர் ஜில்லாவில் பிரசவத்துக்குத் துணை இருக்க ஒரு ஆச்சி வருவார், புதுப்பெண்ணைக் கொண்டுவிட ஒரு அத்தை போவார், தனியாக இருக்கிற கிழவிக்கு ராத்திரி படுக்கைத் துணைக்கு ஒரு பெண் வரும். சும்மாவா வந்தார்கள்? அறுவடையானதும் நெல் அளந்தோம், பொங்கலுக்குப் புடவை எடுத்தோம். நெல்லாகக் கொடுத்தால் உறவு, ரூபாயாகக் கொடுத்தால் கேவலமா? எனக்கு இந்த ரூபாய்க் கணக்கே மேலாகப் படுகிறது. இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி என்று பேசிவிட்டால், நெல் அளந்த காலத்தில் அந்த ஆச்சிகள் பட்ட மனத்தாங்கல் இருக்காது.

பயப்பட வேண்டிய இடம் ஊர்ப் பேச்சு இல்லை, பணம். போனிலேயே ‘பதிவுக் கட்டணம்’, ‘உறுப்பினர் கட்டணம்’ என்று முன்பணம் கேட்டால் வைத்துவிடுங்கள். பெண்களுக்கு ‘நட்பு’ ஏற்பாடு செய்கிறோம் என்று போனுக்கு வரும் விளம்பரங்களில் பல இந்த ரகம்தான். ஒரு கட்டணம் கட்டினால் இன்னொன்று கேட்பார்கள், நிறுத்தினால் ‘உங்க பசங்களுக்குச் சொல்லிடுவோம்’ என்று மிரட்டுவார்கள். அப்படி ஏதாவது நடந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். சைபர் குற்றப் பிரிவு எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வழி உண்டு. கூலியை வேலை முடிந்த பிறகு கொடுங்கள். கூகுள் பேயில் உங்களுக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் அது உங்கள் பணம் வெளியே போகிற வழி. ஆதார் கேட்டால் முதல் எட்டு இலக்கம் மறைத்த பிரதி கொடுக்கலாம், கடைசி நாலு மட்டும் தெரியும். இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். நீங்களும் பதிலுக்கு, வருகிறவரின் அடையாள அட்டையையும் போலீஸ் சரிபார்ப்பு முடிந்த காகிதத்தையும் கேட்டுப் பாருங்கள்.

(வேண்டியது ஆண் துணை, மறுமணம் என்றால் அதுவும் குற்றமில்லை. ஆனால் காலண்டர் அட்டையில் இருக்கிற நம்பர் அதற்கில்லை. தனிக் கடிதம் எழுதுங்கள், பெயர் போடாமல் பதில் சொல்கிறேன்.)

முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். உங்களுக்குக் கடைமுகமே வசதியாக இருக்கிறது. நீங்கள் நன்னிலத்தில் ரயில் ஏறினால் பேரளம் வழியாக மாயவரம். அவர் கும்பகோணத்திலிருந்து மெயின் லைனில் வந்துவிடலாம். ஜங்ஷனில் டீக்கடைப் பக்கம் சந்தித்துக்கொள்ளுங்கள். ஒரு காபி குடிப்பதற்குள் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் வந்துபோன செலவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். மகளிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வருகிறவரின் பெயரையும் நம்பரையும் அனுப்பி வையுங்கள். அவளிடம் அனுமதி கேட்கிறதாக நினைக்க வேண்டாம், தகவல்தான். கடைமுகம் அன்று கூட்டம் அதிகம், வயதானவர்கள் நெரிசல் சேர்வதற்குள் முழுகிவிடுவது நல்லது. அன்றைக்கு முடியாமல் போனால் மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு இருக்கிறது. தாமதமாக வந்தவனுக்கென்றே சாமி ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார் என்பது ஐதீகம்.

கேள்வி: அக்கா, நான் பாபநாசம். வயது 41. இதே மாதிரி துணைக்குப் போகிற வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? வீட்டில் தயங்குகிறார்கள்.
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். மேலே இருக்கிற தங்கச்சி மாதிரி எத்தனை பேர் நம்பரைப் போட்டுக் கட் பண்ணிக்கொண்டிருக்கிறார்களோ. ஆனால் என்னென்ன வேலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். துணை என்று அழைத்துப் போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்வது, ஊசி போடச் சொல்வது, நகையை வங்கியில் வைத்துவிட்டு வரச் சொல்வது எல்லாம் நடக்கும். ஊசி மருந்து உங்கள் வேலை இல்லை, நகைப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் ஆண்கள் மட்டும் இருந்தால் வாசலோடு திரும்பிவிடும் உரிமை வேண்டும் என்று முதலிலேயே பேசுங்கள். சிக்கல் என்றால் 181 பெண்கள் உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். போக்குவரத்து நேரத்துக்கும் கூலி உண்டா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். பாபநாசத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை, வேலை ஒத்துக்கொள்கிற அன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.