வெளிநடப்பு செய்தால் எதிர்த்ததாகுமா?

அன்புள்ள ஐயா,

மாநிலங்களவையில் ஒரு மசோதா வரும்போது நான் ஆதரிக்கும் கட்சி எதிர்த்துப் பேசுகிறது. வாக்கெடுப்பு நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறது. மசோதா நிறைவேறிவிடுகிறது. கேட்டால், "வெளிநடப்பு செய்து எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டோம்" என்கிறார்கள். எங்கள் ஊர் கட்சிக்கார நண்பர், "எப்படியும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கப்போகிறது, உட்கார்ந்திருந்து தோற்பதற்கு எழுந்து போவதே கௌரவம்" என்கிறார். இது சரியா? மக்களவை நிறைவேற்றிய ஒன்றை மாநிலங்களவையால் உண்மையிலேயே தடுக்க முடியுமா?

ச., அருப்புக்கோட்டை

அன்புள்ள ச.,

உங்கள் நண்பரின் கணக்கு பல நேரங்களில் தவறு. அதையே முதலில் பார்த்துவிடலாம்.

மாநிலங்களவையின் மொத்த இடங்கள் 245. ஒரு சாதாரண மசோதா நிறைவேற 123 பேர் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 100-வது பிரிவுப்படி, அவையில் இருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். வெளியே போனவர் கணக்கில் வரமாட்டார். உள்ளே உட்கார்ந்தபடி 'வாக்களிக்கவில்லை' என்ற பொத்தானை அழுத்தியவரும் வரமாட்டார். ஆக, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து போனால் ஆளுங்கட்சி தேட வேண்டிய வாக்குகளில் ஒன்று குறைகிறது.

2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆதரவு 99, எதிர்ப்பு 84. முழு அவையின் பாதியைக்கூட எட்டாத எண்ணிக்கை அது. அன்று அதிமுகவுக்கு அங்கே 11 உறுப்பினர்கள், ஐக்கிய ஜனதா தளத்துக்கு 6. இரண்டு கட்சிகளும் மசோதாவை ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளிநடப்பு செய்தன. அந்த 17 பேரும் உட்கார்ந்து எதிர்த்து வாக்களித்திருந்தால் 84 என்பது 101 ஆகியிருக்கும். மசோதா 99-க்கு 101 என்று தோற்றிருக்கும். வேறு பல கட்சிகளின் உறுப்பினர்களும் அன்று வாக்கெடுப்பில் இல்லை. அவர்களைக் கணக்கில் சேர்க்காமலேயே இந்த நிலை. மசோதாவை விரிவாக ஆராய உறுப்பினர்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய தீர்மானமும் அன்று 84-க்கு 100 என்றே தோற்றது. அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதை எதிர்ப்பதாகச் சொன்ன கட்சிகள் தோற்கடிக்கும் நிலையில் இருந்தன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா 125-க்கு 105 என்று நிறைவேறியது. இம்முறை அதிமுகவின் 11 பேரும் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த 11 மறுபக்கம் போயிருந்தால் 114-க்கு 116. தமிழ்நாட்டிலிருந்து போகும் 18 பேருக்கு டெல்லியில் எடையில்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கணக்குகளையும் காட்டுங்கள்.

அரசியலமைப்புத் திருத்தம் என்றால் கணக்கு மாறுகிறது. 368-வது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு, கூடவே வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாவது நிபந்தனையை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்: எதிர்ப்பு வாக்கு ஒன்று விழுந்தால் அதற்கு ஈடாக இரண்டு ஆதரவு வாக்குகள் வேண்டும். 1970 செப்டம்பரில் மன்னர் மானிய (முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த தொகை) ஒழிப்புத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தபோது ஆதரவு 149, எதிர்ப்பு 75. எழுபத்தைந்துக்கு 150 தேவை. ஒரே ஒரு வாக்கில் இந்திரா காந்தி அரசின் மசோதா விழுந்தது. எதிர்த்தவர்களில் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போயிருந்தால் எதிர்ப்பு 74, தேவை 148, மசோதா நிறைவேறியிருக்கும். அரசு பிறகு குடியரசுத் தலைவர் ஆணை வழியாக மன்னர்களின் அங்கீகாரத்தை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அதே டிசம்பரில் அந்த ஆணையை ரத்து செய்தது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற பிறகுதான் 26-வது திருத்தமாக அது நிறைவேறியது.

ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் 129-வது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானபோது ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால் தாண்டிவிட்டது. அதே 198 பேர் இறுதி வாக்கெடுப்பிலும் உட்கார்ந்திருந்தால் 396 ஆதரவு வேண்டும். இத்தகைய மசோதாவில் எதிர்ப்பாளர்கள் மூன்று பேர் காபி குடிக்கப் போனாலும் அரசுக்கு ஆறு வாக்குகள் மிச்சம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மசோதா எந்த வழியில் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. அரசியலமைப்புத் திருத்தத்தில் மாநிலங்களவை மறுத்தால் மறுத்ததுதான். அதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. சாதாரண மசோதாவை மறுத்தால் 108-வது பிரிவின்படி இரு அவைகளும் சேர்ந்து உட்காரலாம். மக்களவை பெரியது என்பதால் அங்கே பெரும்பாலும் அரசே வெல்லும். 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை மாநிலங்களவை தோற்கடித்தது. சில நாட்களிலேயே கூட்டுக் கூட்டத்தில் 425-க்கு 296 என்று நிறைவேறியது. ஆனாலும் இதுவரை 1961, 1978, 2002 என மூன்றே முறைதான் சட்டம் இயற்ற அந்த வழியை எடுத்திருக்கிறார்கள். 2015-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லை என்று தெரிந்ததும், மூன்று முறை அவசரச் சட்டம் போட்ட அரசு கடைசியில் அதைக் காலாவதியாக விட்டது. வரி, அரசுச் செலவு போன்றவை மட்டுமே கொண்ட பண மசோதா என்று சபாநாயகர் சான்று கொடுத்துவிட்டால் மாநிலங்களவைக்கு 14 நாள் அவகாசமும் பரிந்துரை உரிமையும் மட்டுமே. 2016-ல் ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை செய்த ஐந்து திருத்தங்களை மக்களவை அன்றைக்கே நிராகரித்தது. ஒரு மசோதாவைப் பண மசோதாவாக்குவதை எதிர்ப்பதில் கட்சிகள் இன்னும் பலமாகச் சண்டை போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சான்று விழுந்துவிட்டால் அதன்பிறகு உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ஒன்றுதான்.

வெளிநடப்பு உறுப்பினர்களின் சொந்த முடிவு அல்ல. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள். தமிழ்நாட்டில் ஆறு மாநிலங்களவை இடங்களுக்குத் தேர்தல் வந்தால் ஒருவர் ஜெயிக்க 34 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும் (234-ஐ ஏழால் வகுத்து அதற்கடுத்த முழு எண்). 2003 முதல் எம்.எல்.ஏ. தன் வாக்குச் சீட்டைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். இப்படித் தலைமையின் கையால் டெல்லிக்குப் போகிறவர் கொறடா உத்தரவை, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை மீறமாட்டார். மீறினால் கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி பதவியே போகலாம். அந்த அட்டவணை, கட்சி உத்தரவுக்கு மாறாக வாக்களிப்பதையும் வாக்களிக்காமல் இருப்பதையும் ஒரே குற்றமாகவே வைத்திருக்கிறது. தன் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு வராவிட்டால் கட்சி அதைத் துரோகம் என்கிறது. கட்சியே மொத்தமாக வராமல் போனால் வாக்காளர் மட்டும் அதை எதிர்ப்பு என்று ஏற்க வேண்டுமா? உள்ளூர் வாக்காளரும் கோபிக்கக் கூடாது, மத்திய அரசும் கோபிக்கக் கூடாது என்ற இரட்டைத் தேவைக்கு வெளிநடப்பு வசதியாக இருக்கிறது. மாநிலக் கட்சிகள் பலவும் ஏதாவது ஒரு காலத்தில் இதைச் செய்திருக்கின்றன.

நியாயமான வெளிநடப்பும் உண்டு. விவாதிக்கவே விடாதபோது, அல்லது முடிவை மாற்ற முடியாத இடைவெளி இருக்கும்போது. 2016 ஆகஸ்ட் 3 அன்று ஜிஎஸ்டி திருத்தம் 203-க்கு 0 என்று நிறைவேறியது. அன்று அதிமுக வெளிநடப்பு செய்ததால் முடிவில் எந்த வேறுபாடும் இல்லை.

அடுத்த முறை உங்கள் நண்பரோடு பேசும்போது மாநிலங்களவை இணையதளத்தில் அன்றைய நடவடிக்கைக் குறிப்பைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். டிவிஷன், அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு நடந்திருந்தால், ஆதரித்தவர், எதிர்த்தவர் பெயர்ப் பட்டியல் இருக்கும். குரல் வாக்கெடுப்பு என்றால் பெயர்களே இருக்காது. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறின. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையிலிருந்து டிவிஷன் கேட்கவில்லை என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. ஆகவே மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடையே எத்தனை வித்தியாசம், வெளியே போன கட்சிக்கு எத்தனை உறுப்பினர்கள், போவதற்கு முன் அவர்கள் டிவிஷன் கேட்டார்களா. சாதாரண மசோதாவில் வித்தியாசத்தைவிட அவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால், அந்த மசோதா நிறைவேறியது அவர்கள் தயவில்தான்.